பொட்டு வைத்த ஆண் மரங்கள்

ஆகஸ்ட் 2, சனி

மருத்துவமனையில் ஆலோசனை சொல்லும் பெண் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறாள். மனதில் படுவதை அப்படியே எழுத வேண்டுமாம். குழந்தைக்கான மூன்றாவது சுற்று சிகிச்சை தொடங்குவதற்குள் மனம் லேசாகிவிட வேண்டுமாம். முதல் இரண்டு சுற்றில் லேசானது என் தலைமுடி மட்டும்தான்.

இன்று மனதில் பட்டது: ஆனைமலைக் கொசு. முழங்கைக்குக் கீழே ஏழு இடத்தில் பட்டது.

யாராவது இதைப் படித்துத் தொலைத்தால் தெரியட்டும். நான் பூங்கொடி, முப்பத்தேழு வயது. பொள்ளாச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். இந்தப் பேரை வைத்துக்கொண்டு தாவரவியல் எடுத்தவளுக்கு மாணவர்கள் என்ன மரியாதை தருவார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ஊசி போட்டுப் போட்டு இப்போது கொடி என்பதும் பொருந்தவில்லை, அடிமரம் என்று மாற்றிக்கொள்ளலாம். வேலைக்கு நடுவே பிஎச்.டி.யும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறது என்பது கைடிடம் சொல்வது.

தலைப்பு: ஆண், பெண் தனித்தனியாக இருக்கும் மரங்களில் இனப்பெருக்கத்தின் விலை. சிகிச்சைக்குப் போவதற்கு முன்பே எடுத்த தலைப்பு இது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். யாரும் சிரிக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்றுப் போன தோப்பைப் பற்றி எழுதாமல் கொசுவைப் பற்றி எழுதிவிட்டேன்.

ஆனைமலைக்கு அருகே தென்னைக்கு ஊடுபயிராக ஜாதிக்காய் போட்ட தோப்பு அது. உரிமையாளர் திருமூர்த்தி அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்பு வேறொருவரிடமிருந்து வாங்கினார். ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரம் பூத்து, மகரந்தத்தைக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும். பெண் மரம்தான் காயைச் சுமக்க வேண்டும். பூவிலிருந்து பழம் வெடிக்க ஒன்பது மாதம். நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

காய்க்கே எல்லாம் போய்விடுவதால் பெண் மரம் மெதுவாகத்தான் பருக்கும் என்பது என் ஆராய்ச்சியின் வாதம். அதை நிரூபிக்க ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ஒரு அலுமினியப் பட்டையும் ஸ்பிரிங்கும் கட்டியிருக்கிறேன். மரம் பருத்தால் பட்டை நகரும், எவ்வளவு நகர்ந்தது என்று குறித்துக்கொள்வேன். ஊரிலுள்ள மர இடுப்புகளை எல்லாம் அளக்கிறேன். என் சுடிதாரின் நாடாவை மட்டும் அளக்காமல் அவிழ்த்து விட்டுக்கொண்டிருக்கிறேன்.

தோப்புக்காரர்களுக்கு ஆண் மரம் தண்டச் சோறு. பத்துக்கு ஒன்று இருந்தால் போதும், மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். வெட்ட வேண்டிய ஆண் மரத்துக்குத் திருமூர்த்தி அண்ணன் சிவப்பு பெயின்டில் ஒரு வட்டம் வைத்திருக்கிறார். அதற்குத் தோப்பில் 'பொட்டு' என்று பேர். ஆம்பளைக்குப் பொட்டு வைத்து அனுப்பிவைக்கும் ஒரே இடம் உலகத்தில் இதுதான்.

ஆகஸ்ட் 9, சனி

சம்பத் தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது ஒரு நொடி நின்றார். என் கணவர் மோட்டார் பம்ப் வியாபாரம் செய்கிறவர். எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று பார்த்தவுடன் சொல்லுவார். என்னிடம் மட்டும் எதையும் நேராகக் கேட்கமாட்டார். காலண்டரைத்தான் கேட்பார்.

பீரியட்ஸ் வந்த அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும், மறுநாள் கோவை போக வேண்டும், அன்றைக்கே ஊசி ஆரம்பம். அதற்குத்தான் இந்தக் காலண்டர் ஆராய்ச்சி. என்னுடையதைவிட அவருடைய ஆராய்ச்சி ஒழுங்காக நடக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இடுப்பு வலி. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததால் இருக்கும்.

மெடிக்கலில் ஒரு பொருள் வாங்கினேன். கடைக்காரர் பேப்பரில் சுற்றி, கருப்புக் கவரில் போட்டு, வெடிகுண்டைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். கல்லூரி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அங்கே இடம் இருந்தது, அதனால் வைத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கல்லூரியில் கொடி ஏற்றினோம். மிட்டாய் கொடுத்தார்கள். விடுமுறை நாளிலும் மருத்துவமனையில் போன் எடுப்பார்கள். சும்மா, தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இரவுச் சாப்பாட்டில் சம்பத் முதல் தடவையாக நேராகக் கேட்டார்.

"இன்னும் வரலையா?"

"இல்லைங்க."

"எப்பவும் தேதி தப்பாதே உனக்கு."

"ஊசி போட்ட ஒடம்புங்க. முன்னப்பின்ன ஆகும்."

அவர் தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். சாதத்தில் ஏற்கனவே ரசம் இருந்தது. கவனிக்கவில்லை, மறுபடி ஊற்றினார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆலோசனைப் பெண் கேட்டால் என்ன சொல்வது? இந்த மாதம் உள்மதிப்பீட்டுத் தேர்வு, விடைத்தாள் திருத்த வேண்டும், தோப்பில் பட்டை அளவு எடுக்க வேண்டும். நேரம் இல்லை. அவ்வளவுதான். காரணத்தை எழுதியாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பட்டை அளவுகளைக் கணினியில் ஏற்றினேன். வாதம் பிரமாதமாக நிற்கிறது. பொட்டு வைத்த ஆண் மரங்கள் எல்லாம் கொழுத்திருக்கின்றன. அதிலும் பதினேழாம் நம்பர் மரம் தோப்பிலேயே வேகமாகப் பருத்த மரம். காய்த்துத் தள்ளும் பெண் மரங்கள் இரண்டு வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கைடுக்கு அனுப்பினேன். 'நன்று. ஆண் பூ, பெண் பூ இரண்டுக்கும் படம் வேண்டும்' என்று பதில் வந்தது.

படம். இரண்டு வருடமாக இடுப்பை அளந்தேனே தவிர ஒரு பூவைக்கூடப் பறித்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காய்த்ததைப் பெண் என்று எழுதினேன், பொட்டு வைத்ததை ஆண் என்று எழுதினேன். தாவரவியல் துறையில் பூவைப் பார்க்காத பூங்கொடி.

திருமூர்த்தி அண்ணனின் மனைவி சாந்தாமணி அக்கா போன் செய்தார். திங்கள்கிழமை, அதாவது ஒன்றாம் தேதி, மரம் அறுக்க ஆள் வருகிறதாம். "அதுக்குள்ள வந்து உங்க தகரத்தையெல்லாம் கழட்டிக்கோங்க மேடம். அறுக்கறப்ப மாட்டுச்சுன்னா மிஷின் போயிருமாமா." வருகிறேன் என்றேன். வைப்பதற்கு முன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஏதாச்சும் விசேஷமுங்களா?" ஜாதிக்காய் விலையை விசாரித்துத் தப்பித்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சம்பத் என்னை பைக்கில் ஏற்றுவதில்லை. கல்லூரிக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறார். வேகத்தடையைக் கண்டால் வண்டியை மாட்டு வண்டி ஆக்கிவிடுகிறார். நேற்று கேஸ் சிலிண்டரை அவரே உருட்டி மாட்டினார். இன்று மாதுளம்பழம் வந்திருக்கிறது, பிரிட்ஜில் இடம் இல்லாத அளவுக்கு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு தடவை ஆசைப்பட்டு விழுந்தவர். சொன்னால் கலைந்துவிடும் என்று பயப்படுகிறார்.

பாத்ரூமில் விசில் அடித்தார். ஐந்து வருடமாக இந்த வீட்டில் குக்கர் மட்டும்தான் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்கு அத்தை தாராபுரத்திலிருந்து பேசினார். "மாடிப்படி ஏறி எறங்காத கண்ணு. துணியக் கீழயே காயப் போடு." அப்படியானால் சம்பத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

நான் சொன்ன 'இல்லைங்க' இப்போது மாவட்டம் தாண்டிப் போய்விட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி

நாளைக்கு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

பட்டைகளைக் கழற்றவும் பூப் பறிக்கவும் தோப்புக்குப் போனேன். சம்பத் தனியாக விடவில்லை, கூடவே வந்தார். பதினேழாம் நம்பர் மரத்தில் ஏணியைச் சாய்த்து நான் காலை வைத்ததும் ஓடி வந்து பிடித்தார்.

"நீ ஏறாத. எறங்கு. நான் பறிக்கிறேன்."

"உங்களுக்குப் பூ எதுன்னு தெரியாதுங்க."

"எல்லாத்தையும் பறிச்சுப் போடறேன். நீ கீழ உக்காந்து பாரு."

வெள்ளைச் சட்டையோடு ஏறினார். சாந்தாமணி அக்கா இதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நானும் அதில் உட்கார்ந்தேன். என்னைவிட வெட்கம் கெட்டவள் இந்தத் தாலுகாவில் இருக்க முடியாது.

மேலிருந்து இலையும் குச்சியும் விழுந்தன. அதற்குள் ஒன்றிரண்டு மஞ்சள் பூ. ஆண் பூ கொத்துக் கொத்தாக இருக்க வேண்டும், இது ஒற்றை ஒற்றையாக இருந்தது. நகத்தால் ஒன்றைப் பிளந்தேன். ஆண் பூவானால் நடுவில் மகரந்தம் அப்பிய தூண் நிற்கும். உள்ளே குட்டிச் செம்பு மாதிரி சூலகம் இருந்தது. இன்னொன்றைப் பிளந்தேன். அதிலும் செம்பு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவதைப் பிளந்தேன்.

பதினேழாம் நம்பர் பெண் மரம்.

சம்பத்தை மரம் மரமாக ஏற்றினேன். பொட்டு வைத்தவற்றில் மூன்று மரம் பெண். திருமூர்த்தி அண்ணன் தோப்பை வாங்கிய நாளிலிருந்து அவை காய்க்கவில்லை. அதனால் அவர் ஆண் என்று பொட்டு வைத்துவிட்டார். நான் படித்தவள், அந்தப் பொட்டைப் பார்த்து ஆண் என்று எழுதிக்கொண்டேன்.

"அண்ணா, இந்த மூணும் ஆம்பளை இல்லைங்க. பொண்ணு."

"காய்க்காதது எப்பிடீங் மேடம் பொண்ணாவும்?" அவருக்கு உண்மையாகவே குழப்பம்.

அந்தக் கணக்குப்படி நானும் ஆண்தான் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன்.

"முன்னாடி வறட்சியில நெறையக் காய்ச்சுக் களைச்சிருக்கலாம்ங்க. செல மரம் அப்பிடி நிறுத்திக்கும்."

"அடுத்த வருசம் காய்க்குமுங்களா?"

காய்க்கும் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பொய் எனக்குப் புதிதும் இல்லை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"தெரியாதுங்க. காய்க்காமயே போனாலும் போகும்."

"அப்பறம் என்னத்துக்குங் மேடம் அது? நாளைக்கே அறுத்துப் போடலாம். எடமாச்சும் மிச்சமாவும்."

"எதுக்குங்க அறுக்கணும்?" என் குரல் எனக்கே தெரியாத உயரத்துக்குப் போனது. "காய்க்காட்டி நிக்கக் கூடாதா? தோப்புலயே நல்லாப் பருத்த மரம் அதுதான். அதும்பாட்டுக்கு நல்லா இருக்குது. வருசா வருசம் ஆளாளுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்தீங்கன்னா அது என்ன பண்ணும்? ஒரு மரம் போதும்னு நிறுத்துனா அது உங்களுக்குப் பொறுக்காதா?"

திருமூர்த்தி அண்ணன் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். சாந்தாமணி அக்கா காபியைக் கொண்டுவந்தவர் அப்படியே நின்றார். சம்பத் ஏணியின் மேல்படியில் கையில் ஒரு கிளையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சியில் உணர்ச்சிவசப்படக் கூடாது என்று முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுப்பது நான்தான்.

காரில் ஏறியதும் சம்பத் மெதுவாகச் சொன்னார். "இப்ப நீ இத்தனை சத்தம் போடக் கூடாது பூங்கொடி. ஒடம்புக்கு ஆகாது."

அந்த அக்கறையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் மாசமா இல்லைங்க. பதினாலாந் தேதியே வந்திருச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

வண்டி நின்றது. பின்னால் வந்த தேங்காய் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். சம்பத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். சட்டை முழுக்கப் பட்டைத்தூள், பூந்தூள்.

"ஏன்?"

"சொன்னா போன் பண்ணணும். போன் பண்ணினா போகணும். என்னால போக முடியாதுங்க."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கு வேணுமே."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. "வேணும்தான்," என்றார். "அத இல்லைன்னு எப்பிடிச் சொல்றது? எனக்கு வேணும்தான்." பிறகு, "அம்மாகிட்டச் சொல்லிப்போட்டனே," என்று சொன்னபோது உடைந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை மருத்துவமனையில் முடிவு சொன்னபோதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். இன்று என் கையைத் தொடவில்லை.

என்னை வீட்டில் இறக்கிவிட்டுத் தாராபுரம் போயிருக்கிறார். பிரிட்ஜைத் திறந்தால் மாதுளை உருளுகிறது.

செப்டம்பர் 1, திங்கள்

சாந்தாமணி அக்கா போன் செய்தார். ஆள் வந்து ஆண் மரங்களை அறுத்துவிட்டுப் போய்விட்டானாம். "அந்த மூணையும் விட்டாச்சுங்க மேடம். பொட்ட நானே கத்தியில சொரண்டிப் போட்டேன். ஒரு வருசம் பாப்பமுங்கறாரு." பிறகு குரலைத் தணித்து, "நேத்து நான் சிரிச்சது தப்புங்க," என்றார். நான் பரவாயில்லை அக்கா என்று சொன்னேன். பரவாயில்லை என்பது பொய், ஆனாலும் அவர் போன் செய்தது எனக்குத் தெம்பாக இருந்தது.

சம்பத் தாராபுரத்திலிருந்து போன் செய்யவில்லை.

செப்டம்பர் 3, புதன்

அத்தை போன்.

"தேதியக் கணக்குப் பண்ணுனதுல தப்பாப் போச்சாமா கண்ணு. அவனுக்குச் சின்னப் பையனா இருக்கறப்பவே கணக்கு வராது. நீ மனசுல வெச்சுக்காத."

சம்பத் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். கோபத்தில் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? சமையல்கட்டில் நின்று அழுதேன். வெங்காயம்கூட நறுக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

வந்துவிட்டார். சாப்பிட்டார். மோட்டார் ரூமைக் கூட்டினார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒறம்பரையாக விருந்துக்கு வந்தவர்கள்போல் மரியாதையாக நடந்துகொள்கிறோம்.

செப்டம்பர் 6, சனி

கைடிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துள்ளிக் குதிக்கிறார். காய்க்காத பெண் மரம் ஆண் மரத்துக்குச் சமமாக, அதைவிடவும் வேகமாகப் பருத்திருக்கிறது என்றால், விலை பெண்ணாக இருப்பதற்கு இல்லை, காய்ப்பதற்குத்தான் என்று ஆகிறதாம். தனி அத்தியாயமாக எழுதச் சொல்கிறார். நான் பூவைப் பார்க்காமல் இருந்த சோம்பேறித்தனம் ஆராய்ச்சி முறையாகிவிட்டது. மரத்தையும் என்னையும் ஒப்பிட்டு இந்த நோட்டில் ஒரு வரி எழுதினாலும் பேனாவை உடைத்துவிடுவேன் என்று முடிவு செய்திருந்தேன். பேனா பிழைத்துப் போகட்டும்.

மாலையில் சம்பத்திடம் பேசினேன். அவர் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒடம்பு தாங்காதுன்னு பயமா?"

"தாங்கும்ங்க. தாங்கிக்கிட்டேதானே இருந்தேன். ஊசி போடறப்ப, கண்ணாடியில பாத்தா யாரோ ஒருத்தி நிக்கிறா. அவளுக்குப் பூவும் தெரியறதில்லை, புருசனும் தெரியறதில்லை. தேதி மட்டும்தான் தெரியுது. ரெண்டாவது தடவை முடிஞ்சு நான் திரும்பி வரவே எட்டு மாசம் ஆச்சு. இன்னொரு தடவை போனா திரும்பி வருவேனான்னு தெரியலை."

எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா, வலித்ததா என்று தெரியாமல் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அவரை நான் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதைக் கேலியாக எழுத வரவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

விடைத்தாள். ஒரு மாணவன் 'ஜாதிக்காயில் கணவன் மரம், மனைவி மரம் என இருவகை உண்டு' என்று எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண் போட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் வந்தது. பாத்ரூமிலிருந்து நேராகச் சமையல்கட்டுக்கு வந்து, தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எதிரில் நின்று சொன்னேன்.

"வந்திருச்சுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தார்.

"நான் பேசறேன், குடுங்க," என்றேன்.

"இல்லை. நான் பேசறேன்."

ஸ்பீக்கரில் போட்டார். மருத்துவமனை நர்ஸ் பேரைக் கேட்டதும் கண்டுகொண்டாள். "பூங்கொடி மேடம்தானே? வந்திருச்சுங்களா சார்? நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட கூட்டிட்டு வந்துருங்க."

"நாங்க வரலைங்க."

"அப்ப அடுத்த மாசத்துக்கு மாத்தி வெச்சுக்கட்டுங்களா?"

"மாத்த வேண்டாமுங்க. நிறுத்திக்கிறோம்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஏன் சார், மேடத்துக்கு ஏதாச்சும் ஒடம்பு சரியில்லைங்களா?"

சம்பத் என்னைப் பார்த்தார். பத்து நாளுக்குப் பிறகு இன்றுதான் முழுதாகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நல்லா இருக்காங்க," என்றார். "இப்பிடியே இருக்கட்டும்னுதான்."

போனை வைத்துவிட்டுத் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தார். தோசையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாரே தவிர ஒரு வாய்கூட வைக்கவில்லை. அவர் விட்டுக்கொடுத்தது எத்தனை பெரியது என்று அந்தத் தட்டைப் பார்த்தால் தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தட்டிலேயே கை வைத்து, ஆறிப்போனதை எடுத்துத் தின்றேன். அவரும் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார்.